தோற்கன்று காட்டுவோர் யாருக்குப் பால் கறக்கின்றனர்?

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மொஸ்கோ பிரதேசத்து விவசாய அமைச்சு ஒரு செய்தியை வெளியிட்டது. அப்பிரதேசத்துப் பாற்பண்ணையொன்றிலே பசுக்களின் கண்களுக்கு ஒருவகைக் கண்ணாடி அணிவித்துப் பரீட்சை செய்தார்களாம். பசு நிற்பதோ கொட்டிலில். கண்ணாடியினூடே அது காண்பதோ கோடைகாலத்துப் பசும்புல் வெளி. அதனாற் பசுக்களின் பதற்றம் தணிந்ததென்றும், பாலின் அளவும் தரமும் எவ்வாறு மாறும் என்பது மேலும் ஆராயப்படும் என்றும் அவ்வமைச்சு அறிவித்தது. உலகப் பத்திரிகைகள் இதனை வேடிக்கைச் செய்தியாகப் பிரசுரித்தன. வாசித்தவர்களும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள்.

நம் கமக்காரர் அவ்வாறு சிரித்துவிட்டுப் போகமாட்டார்கள். கன்று இறந்த பசு பால் சுரக்க மறுக்கும்போது, இறந்த கன்றின் தோலிலே வைக்கோலைத் திணித்துத் தாயின் முன்னே நிறுத்திப் பால் கறக்கும் வழக்கத்தை அவர்கள் அறிவார்கள். தோற்கன்று என்பது அதற்குப் பெயர். பசு அதனை நக்கும், மடி சுரக்கும், கறப்பவன் கறந்துகொள்வான். மொஸ்கோவிலே விஞ்ஞானிகள் புதிதாகச் செய்ததை நம் முன்னோர் வைக்கோலும் தோலுங் கொண்டு செய்து வந்தனர்.

இவ்வொற்றுமையை எனக்கு எடுத்துக் காட்டியவர் படித்த பேராசிரியர் எவருமல்லர். வலிகாமத்துக் கிராமமொன்றிலே வெங்காயச் செய்கை பண்ணும், எழுபது வயது கடந்த பெரியவர் ஒருவர். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அவருடைய பேரன் அத்தகைய கண்ணாடியொன்றைக் கொண்டுவந்திருந்தான். காணி அலுவலாக நான் அங்கு சென்றிருந்த வேளையில் அதனைப் பாட்டனாருக்கு அணிவித்தான். வானளாவிய கட்டடமொன்றின் உச்சியில், வெளியே நீட்டிய பலகையொன்றின்மீது தாம் நிற்பதாக அவர் கண்டார். இளமையில் ஆழ்கிணறுகளில் இறங்கிச் சேறு வாரிய மனிதர் அவர். உயரத்துக்கும் பள்ளத்துக்கும் அஞ்சாதவர். தம் வீட்டு விறாந்தையின் சீமெந்துத் தரையிலேதான் நிற்கிறோம் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். எனினும் ஓரடி முன்வைக்க அவராற் கூடவில்லை. என் தோளை இறுகப் பற்றிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி, நெற்றி வியர்வையைத் துடைத்து, சற்று நேரம் சிரித்தார். பின்னர் சொன்னார்: "தம்பி, உது எங்கட வைக்கல் கண்டு வேலையெல்லோ? மாடு நக்குது, பால் விடுது. பால் ஆருக்குப் போகுது எண்டதைத்தான் பாக்க வேணும்."

இவ்விடயத்தைப் பற்றி நான் வாசித்த கட்டுரைகள் பலவற்றிலும் இக்கேள்வியைக் காணேன். ஆகவே அதனையே இக்கட்டுரைக்கு அடிப்படையாகக் கொள்கின்றேன்.

இஃது என்ன யந்திரம்?

மெய்நிகர் உலகம் என்று தமிழிலும், வீ.ஆர். என்று இளைஞர் வாயிலும் வழங்கும் இதன் மூலதத்துவம் பழையது. நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்று வேறுபட்ட இரு கோணங்களிலிருந்து காண்கின்றன. அவ்வேறுபாட்டைக் கொண்டே மூளை தூரத்தை அறிகிறது. இதனை 1838ஆம் ஆண்டிலே சார்ள்ஸ் வீற்ஸ்ரன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி விளக்கினார். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு படத்தைக் காட்டினால் தட்டையான படம் திரண்ட உருவாகத் தோன்றுமென்று நிரூபித்தார். 1929இல் அமெரிக்கரான எட்வின் லிங்க், தரையிலேயே இருந்து விமானமோட்டப் பழகுவதற்கான பெட்டியொன்றை அமைத்தார். இரண்டாம் உலக யுத்தத்திலே பெருந்தொகையான விமானிகள் அத்தகைய பெட்டியிற் பயின்றனர். 1968இல் ஐவன் சதர்லன்ட் என்பார் கணனியோடு இணைந்த தலையணியைச் செய்து காட்டினார். தலையைத் திருப்பினாற் படமும் திரும்பும் அமைப்பு அதனோடு பிறந்தது.

இன்றைய கருவியும் இவ்வழியில் வந்ததே. இரு கண்களுக்கும் முன்னே இரு சிறு திரைகள் உள்ளன. தலை எப்பக்கம் திரும்புகிறது, கை எங்கே நீள்கிறது என்பவற்றை நுண்கருவிகளும் கமராக்களும் இடைவிடாது அளக்கின்றன. அதற்கேற்ப, பெரும்பாலும் விநாடிக்கு 72 தடவைக்குக் குறையாமற் படம் புதிதாக வரையப்படுகிறது. வரைதல் சற்றுத் தாமதித்தால் அணிந்தவனுக்குத் தலை சுற்றும். தாமதமின்றி நிகழ்ந்தால் உடல் அதனை உண்மையென்று நம்பிவிடும்.

அறிவு நம்பாவிடினும் உடல் நம்பும் என்பதற்குச் சான்றுண்டு. பிறருக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்குமாறு கட்டளையிட்டால் மனிதர் எவ்வளவு தூரம் கீழ்ப்படிவார்கள் என்று 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்ரான்லி மில்கிறாம் ஆராய்ந்தார் அல்லவா? அப்பரீட்சையை மெல் ஸ்லேற்றர் என்பாரும் அவருடைய சகபாடிகளும் மெய்நிகர் உலகத்திலே மீண்டும் நடத்தி, 2006இல் முடிவை வெளியிட்டனர். அதிர்ச்சி பெறுபவள் யந்திரம் வரைந்த வெறும் உருவமென்பது அதிற் பங்குபற்றிய ஒவ்வொருவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அவள் துடிப்பதைக் கண்டோருடைய இருதயத் துடிப்பும் தோலின் வியர்வையும் மாறின. சிலர் பரீட்சையை இடையில் நிறுத்தினர். நம் பெரியவர் விறாந்தையில் உறைந்து நின்றதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே.

நன்மையை மறைத்தல் நியாயமன்று

எதிர்க்கட்சிக்காரனின் நல்ல சாட்சியத்தை மறைத்து வாதாடும் வழக்கறிஞன் தன் வழக்கையே கெடுத்துக்கொள்கிறான். ஆதலால் இக்கருவியின் நன்மைகளை முதலிற் கூறுதல் என் கடமை.

தீக்காயமுற்றவருக்குப் புண் கழுவும்போது உண்டாகும் வேதனை சொல்லுந்தரமன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலே, அத்தகைய நோயாளருக்குப் பனியுலகமொன்றைக் கண்ணாடியிற் காட்டிக்கொண்டே சிகிச்சை செய்தனர். மனம் பனியிலே ஈடுபட, நோயாளர் உணரும் வேதனை குறைந்தது. உயரத்தைக் கண்டு நடுங்குவோரை மெய்நிகர் உயரங்களிற் சிறிது சிறிதாகப் பழக்கிக் குணப்படுத்தலாம் என்பதை 1995இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. போரில் மனமுடைந்த போர்வீரருக்குச் சிகிச்சை செய்யவும் இதே வழி பயன்படுகிறது. நாட்பட்ட இடுப்புவலிக்கு உதவும் மெய்நிகர்க் கருவியொன்றுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2021இல் அனுமதி வழங்கிற்று.

இவற்றிலெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. விமானி பெட்டியிற் பயின்றது, வெளியே வந்து மெய்யான விமானத்தை ஓட்டுவதற்கு. நோயாளி பனியுலகத்துட் சென்றது, ஆறிய உடலோடு வீடு திரும்புவதற்கு. மனிதனைச் சிறிது நேரம் உள்ளே அழைத்து, முன்னிலும் வலியவனாக வெளியே அனுப்புகிற கருவி நல்ல கருவி. அவனை உள்ளேயே நிறுத்திவைப்பதில் இலாபங் காணுங் கருவியை வேறு கண்கொண்டே நோக்கவேண்டும். இரண்டும் ஒரே கண்ணாடிதான். அதனை வைத்திருப்போரின் நோக்கத்திலேயே வேறுபாடு உள்ளது.

தாயின் முன்னே நிறுத்திய உருவம்

2020 பெப்ரவரியில் தென்கொரியத் தொலைக்காட்சி நிறுவனமாகிய எம்.பி.சி. விவரணப் படமொன்றை ஒளிபரப்பியது. நோயினால் மகளை இழந்த தாயொருத்திக்குக் கண்ணாடியும் கையுறையும் அணிவித்து, அக்குழந்தையின் உருவத்தை அவள் முன்னே தோற்றுவித்தனர். குழந்தை பேசியது, தாய் அழுதாள், அதனைத் தொடக் கைநீட்டினாள். அங்கே தொடுவதற்கு எதுவுமில்லை.

அந்தத் தாய்க்கு அது ஆறுதலளித்திருக்கலாம். தாயின் துயரை நிறுத்து அளக்கும் உரிமை எனக்கில்லை. ஆனால் அக்காட்சியை நினைக்கும்போதெல்லாம் தோற்கன்று என் கண்முன் வருவதைத் தடுக்கவும் இயலவில்லை. அன்று அது ஒருமுறை நடந்த தொலைக்காட்சி முயற்சி. நாளை அதனை மாதக் கட்டணத்துக்கு விற்கும் கொம்பனி தோன்றினால் நிலைமை யாது? துக்கம் ஆறிவிட்டால் வாடிக்கை போய்விடும். ஆகவே துக்கம் ஆறாமலிருப்பதே அக்கொம்பனிக்கு இலாபம். மாதா மாதம் பணங் கட்டினால் மாத்திரமே இறந்த பிள்ளை பேசும் என்ற நிலையிலே, பணங் கட்டாத மாதம் அப்பிள்ளை மறுமுறையும் இறக்கும்.

உயிரோடிருப்போர் நிலையும் ஆராயத்தக்கது. நம் கிராமங்களிலே பிள்ளைகள் எல்லோரையும் பிறநாடுகளுக்கு அனுப்பிவிட்டு, பெரிய வீட்டிலே தனித்திருக்கும் முதியோர் எத்தனை பேர்! தொலைபேசியும் அதன் பின்னர் வந்த முகங்காட்டும் அழைப்பும் அவர்களுக்குப் பேருதவியாய் அமைந்தன. அதனை எவரும் மறுக்கவியலாது. நாளை ரொறன்ரோவிலிருக்கும் மகன் கண்ணாடியணிந்து தாயின் விறாந்தையில் வந்து அமரலாம். வருதல் இயலாத மகனுக்கு அது வரப்பிரசாதம். வர இயன்றவனுக்கோ அது வராமலிருப்பதற்கு நல்லதொரு சாக்கு. தாய்க்குச் சுரம் கண்டால் நெற்றியிற் கைவைத்துப் பார்ப்பவன் அயல்வீட்டுப் பிள்ளையாகவே இருப்பான். பார்த்துவிட்டோம் என்ற நிறைவை மகனுக்கு அளித்து, போகவேண்டுமென்ற துடிப்பை யந்திரம் தணித்துவிடுமாயின், அந்தக் குடும்பத்துக்கு அது செய்தது நன்மையா, தீமையா என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

கறக்கப்படும் பால் எது?

2014ஆம் ஆண்டிலே பேஸ்புக் கொம்பனி, ஒக்குலஸ் என்னும் மெய்நிகர்க் கருவி நிறுவனத்தை ஏறத்தாழ 200 கோடி டொலருக்கு வாங்கியது. 2021 ஒக்டோபரிலே தன் பெயரையே மெற்றா என்று மாற்றிக்கொண்டது. மெய்நிகர் உலகத்துக்கான அதன் பிரிவு 2022 முதல் 2024 வரையான மூன்று ஆண்டுகளில் மாத்திரம் 4,700 கோடி டொலருக்கு மேல் நட்டமடைந்ததாக அக்கொம்பனியின் கணக்குகளே காட்டுகின்றன. அப்பிள் கொம்பனி 2024இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கண்ணாடியின் ஆரம்ப விலை 3,499 டொலர். இவை மக்கள் இன்னும் பெருந்தொகையாக வாங்கிவிடாத பண்டங்கள். அப்படியிருந்தும் இவ்வளவு நட்டத்தைத் தாங்கிக்கொண்டு ஒரு வியாபாரி மாட்டைக் கட்டித் தீனி போடுவானாயின், பாலில் அவனுக்கு நம்பிக்கையுண்டு என்பது வெளிப்படை.

பால் எது? கண்ணாடியை அணிந்தவன் தன்னையறியாமல் அளிக்கும் சாட்சியமே பால். கருவி இயங்கவேண்டுமாயின் தலையின் ஒவ்வோர் அசைவையும் கையின் ஒவ்வொரு வீச்சையும் அது அளந்தேயாகவேண்டும். விலைகூடிய கருவிகள் விழி எங்கே நின்றது என்பதையும் அளக்கின்றன. 2023இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்து ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டறிந்தனர். சங்கீதத்துக்கேற்பக் கைவாளை வீசும் மெய்நிகர் விளையாட்டொன்றில் ஈடுபட்ட 55,000க்கும் மேற்பட்டோருள், ஒருவர் இன்னாரென்பதை அவருடைய தலையும் கையும் அசைந்த விதத்தைக் கொண்டே அவர்கள் கண்டுபிடித்தார்கள். 100 விநாடி நேர அசைவு கிடைத்தாற் போதும். நூற்றுக்கு 94 வீதம் சரியாகச் சொல்லிவிடலாம். பெயரும் வேண்டாம், முகமும் வேண்டாம். நடையும் கைவீச்சுமே கைரேகையாய் அமைந்துவிடுகின்றன.

இதன் அரசியற் பொருளைச் சிந்தியுங்கள். இரகசிய வாக்குரிமை என்பது ஜனநாயகத்தின் அத்திவாரம். மனிதன் தன் மனத்திலுள்ளதை வெளியிடாமலிருக்கும் உரிமையே அதன் உட்பொருள். எந்தச் சின்னத்தைக் கண்டபோது விழி தயங்கியது, எந்தத் தலைவரின் உருவம் வந்தபோது தலை விலகியது என்பவற்றை ஒருவன் எழுதிவைத்திருப்பானாயின், வாக்குப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு என்ன பயன்?

கூத்து விடியும்போது முடிந்துவிடும்

"நாடகமும் பொய், சினிமாவும் பொய், அவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட நாம் இதற்கு மாத்திரம் ஏன் அஞ்சவேண்டும்?" என்று கேட்பாருமுளர். நியாயமான கேள்வி.

நம் கிராமங்களில் விடிய விடியக் கூத்து நடக்கும். அரசன் வேடம் பூண்டவன் அயலிலுள்ள கமக்காரன் என்பது யாவருக்கும் தெரியும். தெரிந்தும் அழுவர். ஆனால் ஊரார் அனைவரும் ஒரே கூத்தை ஒன்றாக இருந்து பார்த்தனர். அண்ணாவியார் பிழைவிட்டால் அதனை ஊரே கண்டது. விடிந்ததும் கூத்து முடிந்தது. அரசன் மண்வெட்டியோடு தோட்டத்துக்குப் போனான். கண்ணாடிக்குட் காணும் உலகம் அத்தகையதன்று. அதனை ஒவ்வொருவனும் தனித்திருந்து காண்கிறான். எனக்குக் காட்டிய உலகத்தையே உமக்கும் காட்டினார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. பொதுமேடையிலே பொய் பேசியவனை மறுநாட் பொதுமேடையிலே மறுக்கலாம். ஆயிரம் பேர் கேட்டிருப்பர். ஆயிரம் பேருக்கு ஆயிரம் காட்சிகளாய்க் காட்டப்பட்ட பொய்யை எவன் எங்கே மறுப்பான்? அதற்கு விடியற்காலமும் இல்லை.

இது வீண் பீதியன்று. நம் நாட்டின் அனுபவமே இதற்குச் சாட்சி. 2018 மார்ச் மாதத்திலே கண்டி மாவட்டத்தின் திகனப் பகுதியில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதற்கு முன்னும் அப்பொழுதும் பேஸ்புக்கிலே வெறுப்புப் பிரசாரம் பரவிற்று. அரசாங்கம் சில நாட்களுக்குச் சமூக ஊடகங்களையே தடுத்துவைக்க நேர்ந்தது. அந்நிகழ்ச்சிகளிலே தனது தளம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டதை ஒப்புக்கொண்டு அக்கொம்பனி மன்னிப்புக் கோரியது 2020 மே மாதத்தில். எரிந்த கடைகள் இரண்டு ஆண்டுகள் மன்னிப்புக்காகக் காத்திருந்தன. உள்ளங்கையளவு தட்டைக் கண்ணாடியிலே தோன்றிய எழுத்தும் படமும் அவ்வளவு செய்யக்கூடுமாயின், நடவாத கலகமொன்றின் நடுவே ஒரு வாலிபனை நிறுத்தி, தன் இனத்தான் தாக்கப்படுவதாகக் காட்டும் யந்திரம் எவ்வளவு செய்யும்? அவனுடைய அறிவு நம்பாவிடினும் உடல் நம்பும் என்பதை மேலே கண்டோம்.

கண்ணாடிக்குள்ளே ஒரு காணி

கமக்காரர் கவனிக்கவேண்டிய செய்தியொன்றும் உண்டு. 2021 நவம்பரிலே டீசென்ரலான்ட் என்னும் மெய்நிகர் உலகத்திலே ஒரு துண்டு "நிலம்" ஏறத்தாழ 24 இலட்சம் டொலர் பெறுமதிக்கு விலைபோனது. அந்நிலத்திலே நெல் விளையாது, கிணறு வெட்டவியலாது, பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுத்தாற் குடியிருக்கவும் இயலாது. அவ்வாறிருந்தும் விலைபோனது. அந்த ஆண்டின் ஆரவாரம் அடங்கியபின் அத்தகைய நிலங்களின் விலை பெருவீழ்ச்சி கண்டது.

நம்முடைய காணிக்கு உறுதியுண்டு, அதற்கு எல்லையுண்டு, தேசவழமைச் சட்டத்திலே பங்காளிக்கு முற்கொள்வனவு உரிமையுண்டு, பறிக்க வந்தவனை நீதிமன்றத்துக்கு இழுக்கவும் வழியுண்டு. கண்ணாடிக்குள்ளிருக்கும் நிலத்துக்குக் கணனிதான் பூமி. மைக்ரோசொப்ட் கொம்பனி ஓல்ற்ஸ்பேஸ் என்னும் மெய்நிகர் உலகத்தை நடத்திவந்தது. மக்கள் அங்கே கூடினர், நண்பரைத் தேடினர், கூட்டங்கள் நடத்தினர். 2023 மார்ச் 10ஆம் திகதி அக்கொம்பனி அதனை மூடிவிட்டது. அங்கு பழகியோர் கூடுமிடம் இழந்தனர். குடிவாரச் சட்டம் அவர்களைக் காக்கவில்லை. நாளை பாடசாலையும் சந்தையும் அலுவலகமும் அத்தகைய உலகங்களிலே அமையுமாயின், அங்கே நாம் பிரஜைகளா, அல்லது கொம்பனியின் விருப்பம் உள்ளவரை தங்கியிருக்கும் குடியிருப்பாளரா என்ற கேள்விக்கு விடை வேண்டும்.

நீதிமன்றத்தின் வாசலில்

என் தொழிலிலும் இது புகுந்துவிட்டது. 2016இல் ஜெர்மனியிலே ஔஷ்விட்ஸ் முகாமின் முன்னாட் காவலன் ஒருவன்மீது நடந்த வழக்கில், அம்முகாமைக் கணனியிலே மீளமைத்த மாதிரி பயன்பட்டது. காவற் கோபுரத்திலிருந்து எதனைக் காணக்கூடும் என்பதை அறிய அது உதவிற்று. 2023 பெப்ரவரியிலே கொலம்பிய நாட்டின் நீதிமன்றமொன்று மெய்நிகர் மண்டபத்தில் விசாரணையொன்றை நடத்தியது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவில் நீதிபதியொருவர் கண்ணாடி அணிந்து, எதிரி தரப்பார் அமைத்த சம்பவக் காட்சியைக் கண்டார்.

ஔஷ்விட்ஸ் வழக்கிலே இக்கருவி உண்மைக்குத் துணைநின்றது. ஆயினும் யாழ்ப்பாணத்து வேலி வழக்குகளிலே வாதாடியவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை கூறுவேன். ஒரு கதியாலை ஓரடி தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அத்தகைய வழக்கிலே நீதிபதி காணியை நேரிற் சென்று பார்வையிடும்போது இரு கட்சிக்காரரும் உடனிருப்பர். கதியாலும் அங்கே நிற்கும். மெய்நிகர்க் காட்சியிலோ கதியாலை நடுபவன் காட்சியை அமைத்தவன். ஓரடி தள்ளி நட்டாற் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பார்த்தவர் நெஞ்சிலே அது "நானே கண்டேன்" என்று பதிந்துவிடும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். தன் கண்ணாற் கண்டதாக எண்ணும் நீதிபதியைக் குறுக்கு விசாரணை செய்வார் யார்? மேலும், பணமுள்ள கட்சிக்காரன் காட்சி அமைப்பான். ஏழையிடம் வாய்மொழி மாத்திரமே இருக்கும்.

சட்டம் செய்யவேண்டுவன

"உரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைகின்ற கமக்காரனுக்கு இந்தக் கண்ணாடிப் பிரச்சினை ஏன்?" என்று சில நண்பர் கேட்கின்றனர். கைத்தொலைபேசி வந்தபோதும் இதனையே கேட்டனர். இன்று அது இல்லாத குடிசை அரிது. விலை இறங்கும்வரை சட்டமியற்றுவோர் உறங்குவர். விலை இறங்கியபின் சட்டத்துக்கு அவகாசமிராது. முற்கூட்டியே வேலியடைப்பது கமக்காரன் அறியாத வித்தையன்று.

முதலாவதாக, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் உண்டு. ஆளை அடையாளங்காணும் உடற்குறித் தரவுகளை அது விசேட வகையாகக் கொள்கிறது. உடலின் அசைவும் விழியின் நோக்கும் அவ்வகைக்குள் அடங்கும் என்பதை ஐயத்துக்கிடமின்றி விதித்தல் வேண்டும். அவற்றை விளம்பரக்காரருக்கோ தேர்தற் பிரசாரகருக்கோ விற்பது குற்றமாதல் வேண்டும். சிலி நாடு 2021இலேயே மூளையின் செயற்பாட்டுக்குத் தன் அரசியலமைப்பிற் பாதுகாப்பளித்தது. ஒரு சிறிய நாடு இயற்றியதை இன்னொரு சிறிய நாடு இயற்றவியலாதா?

இரண்டாவதாக, இறந்தவரின் உருவத்தையும் குரலையும் அவர் உயிரோடிருக்கையில் எழுத்தில் அளித்த சம்மதமின்றி வியாபாரஞ் செய்யத் தடை வேண்டும். குழந்தையாய் இறந்தோர் சம்மதம் அளித்திருக்கவியலாது. அவர்கள் விடயத்திலே பெற்றோர் விரும்பினாலன்றி எவரும் கைவைத்தலாகாது. அவ்வாறு விரும்பியவிடத்தும் மாதக் கட்டணத்துக்கு விற்றல் ஆகாது.

மூன்றாவதாக, பிள்ளைகள். மெற்றா கொம்பனி தன் கருவியைப் பெற்றோரின் மேற்பார்வையிற் பயன்படுத்துவதற்கான குறைந்த வயதை 2023இலே 13இலிருந்து 10ஆகக் குறைத்தது. நம் பிள்ளைகளுக்கு எவ்வயது தக்கது என்பதை நம் வைத்தியரும் ஆசிரியரும் ஆராய்ந்து சொல்லவேண்டும். விற்பனைக்காரன் தீர்மானிக்க விடலாகாது.

நான்காவதாக, நீதிமன்றங்களில் மெய்நிகர்க் காட்சியைச் சாட்சியமாக ஏற்பதாயின், அதனை அமைத்தவன் குறுக்கு விசாரணைக்கு உட்படல் வேண்டும். அடிப்படை அளவைகள் முழுவதும் மறுதரப்பாருக்குக் கையளிக்கப்படல் வேண்டும். நேரிற் சென்று பார்க்கக்கூடிய இடத்துக்கு அது பதிலாதல் கூடாது.

ஐந்தாவதாக, நன்மையை நாமே தேடிக்கொள்ளல் வேண்டும். தீக்காய விடுதிகளிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் விவசாயப் பயிற்சி நிலையங்களிலும் பொதுப் பணத்திலே இக்கருவி வரட்டும். யந்திரத்தைத் தொடுமுன் அதன் அபாயத்தை மாணவன் கற்றுக்கொள்ளட்டும். பாடங்களும் தமிழிலே அமையட்டும்.

இவை நடைபெறவேண்டுமாயின் கேட்போர் வேண்டும். வழக்கறிஞர் சங்கங்களும் வைத்தியர், ஆசிரியர் அமைப்புகளும் கமக்காரர் சம்மேளனங்களும் இவ்விடயத்தைத் தங்கள் கூட்டங்களில் எடுத்துப் பேசட்டும். தீர்மானம் நிறைவேற்றிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பட்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் வீதியையும் குளத்தையும் பற்றிக் கேட்கும்போது இதனையும் ஒரு கேள்வியாகக் கேளுங்கள்.

மொஸ்கோப் பசுவுக்குக் கேள்வி கேட்க வாயில்லை. புல்வெளியைக் கண்டு அது திருப்தியடைந்திருக்கலாம். பனிக்காலத்துக் கொட்டிலிலேயே நின்றது என்பதும் உண்மை. மெய்யான புல்லைத் தருவதிலும் படப்புல்லைக் காட்டுவது மலிவு என்று கண்டுகொண்ட முதலாளி, அவ்வழியை மாட்டோடு நிறுத்திக்கொள்வான் என்பதற்கு உறுதியேதுமில்லை. காற்றோட்டமில்லாத தொழிற்சாலையிலே தொழிலாளிக்குக் கடற்கரையைக் காட்டலாம். வைத்தியசாலை இல்லாத ஊருக்கு வைத்தியரின் உருவத்தைக் காட்டலாம். "அமைதியாயிருக்கிறார்கள்" என்று அறிக்கையும் வெளியிடலாம்.

நமக்கு வாயுண்டு. கண்ணாடியை நம் முகத்திலே மாட்ட வருவோனிடம், வலிகாமத்துப் பெரியவர் கேட்ட கேள்வியை முதலிற் கேட்டுவிட்டு, விடை கிடைத்தபின் மாட்டிக்கொள்வோம்.